ஒன்பது தசம் ஏழு எட்டு

முதலாம் வருடச் செய்முறைக் கொப்பியில்
என் விடையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.
பக்கத்தில் ஒரு சொல்: வழு?
புவியீர்ப்பு ஆர்முடுகல் எனக்கு
ஒன்பது தசம் ஏழு எட்டு வந்திருந்தது.
மேசை முழுவதற்கும் எண்பத்தொன்று.
கோபிதன் விடையை முதலில் எழுதி
அளவீடுகளைப் பிறகு செய்தவன்.
"நீயும் மாத்தடி, ஆர் பாக்கப்போகினம்?"

அடுத்த நாள் குருநகரில், வலைச்சாமான் கடையில்
ஈயக்குண்டு ஒன்று கேட்டேன்.
"என்ன மீனுக்கு, பிள்ளை?"
மீனுக்கில்லை, ஊசலுக்கு என்றேன்.
மரியநேசன் நிறுத்துத் தந்தார்,
நூலுக்குக் காசு வாங்கவில்லை.
"பௌதிகம் படிச்சு என்னவா வரலாம்?"
பகிடிக்குக் கேட்கவில்லை.
மகன் உயர்தரம், கணிதப் பிரிவாம்.
பாப்பம் என்றேன்.
வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

அது மின்வெட்டு வருடம்.
திருநெல்வேலியில், விடுதி அறையில்,
விசிறி நின்ற பிறகுதான் காற்று அசையாமல் நின்றது.
கொக்கியில் குண்டைக் கட்டினேன்.
விலங்கியல் படிக்கும் றிஸ்மியா
கட்டிலில் படுத்தபடி எண்ணினாள்.
ஐம்பது அலைவு,
நூறு செக்கனும் சொச்சமும்.
முப்பத்தேழில் ஒருநாள் நித்திரையாகிவிட்டாள்,
திரும்பவும் ஒன்றிலிருந்து.
பதினோர் இரவு.
ஒவ்வோர் இரவும் ஏழு எட்டை ஒட்டியே வந்தது.

மூன்றாம் வருடம், புவிப்பௌதிக விரிவுரை.
அகலக்கோட்டுச் சூத்திரத்தில்
எங்கள் ஊரின் ஒன்பது பாகை நாற்பது கலையைப் போட்டு
விரிவுரையாளர் கீழே கோடிழுத்தார்:
ஒன்பது தசம் ஏழு எட்டு.
எண்பத்தொன்று இலண்டனில் விழும் கல்லுக்கு.
நான் கத்தவில்லை.
பேனை மூடியைக் கடித்தேன், அது வெடித்தது.

சிறப்புக் கற்கைக்கு ஏழுபேர் போனோம்.
ஓர் அலைவுகாட்டிக்கு நாலு தலை.
சாருகா இப்போது பளையில், காற்றாலையில்,
இறகில் படியும் உப்போடு மல்லுக்கட்டுகிறாள்.
பிரணவரூபன் நோர்வேயில் குறைகடத்தி அடுக்குகிறான்,
மாரி தொடங்கிவிட்டதா என்று மட்டும் கேட்டு எழுதுவான்.
றெஜினோல்ட் நெடுந்தீவில் ஆசிரியன்.
ஆய்வுகூடம் இல்லை,
படகு வராத நாட்களில் அலை வேகம் படிப்பிக்கிறான், கரையில் வைத்து.
துஷ்யந்தி கச்சேரி வாசலில்
வேலை கேட்டு நூற்று நாற்பது நாள் இருந்தாள்,
பிறகு கிடைத்தது, உரப்பைக் கணக்கு.
குவாண்டம் பொறிமுறையில் எங்கள் எல்லோரையும் வென்றவள்.
அதைப்பற்றி அவளோடு நான் கதைப்பதில்லை.
கோபிதன் வங்கியில், கடன் பிரிவில்.
விடையை முதலில் எழுதும் வேலை என்று
சிரிக்க நினைத்தேன்,
ஆனால் கையெழுத்து ஒன்றுக்கு மறுத்து
வவுனியாவுக்கு மாற்றலாகிப் போயிருக்கிறான்.

நான் தெல்லிப்பழையில்,
கதிர்ச்சிகிச்சைப் பிரிவில்.
நோயாளர் வர முதல், காலை ஆறரைக்கு,
நீர்த்தொட்டியில் அயனறையை இறக்கி
இயந்திரம் சொல்வதும் கொடுப்பதும் ஒன்றா என்று பார்ப்பேன்.
நூற்றுக்கு மூன்று பிசகினால்
கதவு திறக்காது.
வெளியே வாங்கிலில் ஆட்கள் காத்திருப்பார்கள்,
சாப்பாட்டுப் பெட்டியோடு, கழுத்தில் மை அடையாளத்தோடு.
"இன்னும் செல்லுமோ, தங்கச்சி?"
திரும்ப அளப்பேன்.
ஒன்றிலிருந்து.

போன கிழமை, சுவரில் விழும் லேசர்க் கோடு
நிலைக்குத்தா என்று பார்க்கத் தூக்குக்குண்டு தேவைப்பட்டது.
கொள்முதல் பிரிவு மூன்று மாதம் என்றது.
குருநகருக்குப் போனேன்.

"என்ன மீனுக்கு?" என்றார் மரியநேசன்.
என்னை ஞாபகமில்லை.
மகனைக் கேட்டேன்.
கட்டாரில், குளிரூட்டி பூட்டுகிறானாம்.
தட்டில் ஈயம் வைக்க முன்னமே
தராசு முள் பூச்சியத்துக்கு இந்தப்பக்கம் சரிந்து நின்றது,
வாங்குகிற ஆளுக்கு லாபமாக,
எத்தனை வருடமாகவோ.

சொல்ல வாயெடுத்தேன்.
அவர் நூலை அளந்துகொண்டிருந்தார்,
முழத்தால், தாராளமாக.