பச்சையில் பதினாறு

நான் நான்காவது நடுவர்.
விசில் என்னிடம் இல்லை.
இருப்பது ஒரு பலகை:
போகிறவன் எண் சிவப்பில்,
வருகிறவன் எண் பச்சையில்.
ஆட்டத்துக்கு முன் மூன்று முறை அழுத்திப் பார்ப்பேன்,
எட்டின் இடுப்பு சில நாள் எரியாது.

காருவாவில் அன்று நான்கு மணி வெயில்
புல்லை விட்டுவிட்டு
புல்லுக்கு அடியில் இருப்பதைச் சுட்டது.
லெசோத்தோவும் பெனினும்.
கோல் இல்லை, கொட்டாவி உண்டு.

எழுபத்தொன்பதாம் நிமிடம்
கட்லேஹோவை உள்ளே அனுப்பினேன்.
சட்டை எண் பதினேழு, வயது பதினாறு.
கணக்குப் பரீட்சையை விட்டுவிட்டு வந்தவனாம்.
ஆணி பார்க்க பூட்ஸைத் திருப்பினால்
அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.
உரிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

பத்திரிகை மேடையில் நாற்காலிகள் நகர்ந்தன.
இந்தக் கோப்பையில் இவ்வளவு சின்னவன் ஆடியதில்லையாம்.
பந்தை ஒரு முறை தொட்டான்,
அதுவும் முழங்காலால்.

பிறகு அவர்களுடைய கோல்கீப்பர்
எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்,
துணி கையோடு வந்தது.
சிவப்பு அட்டை. பெனால்ட்டி.
இரண்டாவது கீப்பர் மலேரியாவோடு ஓட்டலில்.
மிச்சம் மொலெஃபி.

நாற்பத்து மூன்று.
மசேருவில் சிறைக்காவலர்,
காலையும் மாலையும் தலை எண்ணுவது வேலை.
பதினோரு வருடமாக அணியோடு வருகிறார்,
தண்ணீர்ப் பெட்டி தூக்குகிறார்.
கடைசியாக எப்போது ஆடினார் என்று
மேலாளருக்கே நினைவில்லை.

ஒருவர் வர ஒருவர் போக வேண்டும்.
பயிற்சியாளரின் விரல் களம் முழுக்க அலைந்து
கடைசியாகப் போனவன் மேல் வந்து நின்றது.

பலகையைத் தூக்கினேன்.
சிவப்பில் பதினேழு.
பச்சையில் பதினாறு.
கிழவரின் முதுகில் பையனின் வயது.
அப்போது உறைக்கவில்லை,
ராத்திரி பல் தேய்க்கும்போது உறைத்தது.

பையன் ஓடித்தான் வந்தான்.
கண் நிறைந்திருந்தது. கைகொடுக்கவில்லை.
மொலெஃபியின் இடது கையுறைப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.
வலது கை ஏற்கனவே உறைக்குள்,
பல்லால் இழுத்துப் பார்த்தார்.
அவன் பிடுங்குகிற மாதிரி அதை இழுத்து ஒட்டினான்.
"அந்தக் கோடியில வெயில் கண்ணுல அடிக்குதா?"
"இடது பக்கம். அங்கே புல் வழுக்கும்."
மூன்று நிமிடத்தில் அவன் சேர்த்த சொத்து அவ்வளவுதான்.
முழுதும் கொடுத்துவிட்டான்.

மொலெஃபி வலப்பக்கம் பாய்ந்தார்.
பந்து மெதுவாக
அவர் நின்றிருந்த இடத்துக்கு வந்து,
ஆள் இல்லாததைப் பார்த்து
உள்ளே போயிற்று.

அப்புறம் இரண்டு உயரப் பந்துகளைப் பிடித்தார்.
அதை ஒருவரும் எழுதவில்லை.
எழுதுகிறவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்:
மிக மூத்தவர், மிக இளையவன்,
ஒரே பலகை, ஒரே நொடி.
எனக்கு நாற்பத்து நான்கு.
அன்று கோட்டோரம் நின்ற மூவரில் மூத்தவன் நான்.
கேட்க ஆளில்லை.

உடைமாற்றும் அறைக்குப் போகிற வழியில்
பையன் என்னை நிறுத்தினான்.
"சரியா எவ்வளவு நேரம் ஆடினேன்?"

எனக்கு இரண்டு கடிகாரம்.
இடக்கையில் ஓடிக்கொண்டே இருப்பது:
மூன்று நிமிடம், பத்து நொடி.
வலக்கையில், பந்து நின்றால் நிறுத்துவது:
நாற்பத்தொரு நொடி.

"மூன்று பத்து," என்றேன்.
வலக்கையைப் பலகைக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.
உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

வெளியே பேருந்துப் படியில் மொலெஃபி
ஏறுகிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
தொழில் பழக்கம்.
இருபத்தொன்று என்றார்.
ஓட்டுநர் கையில் இருந்த தாளில் இருபத்திரண்டு.
உள்ளே ஏறி வரிசை வரிசையாக,
தூங்குகிறவன் தலையைத் தொட்டு மறுபடி எண்ணினார்.
இருபத்தொன்று.
இறங்கி இருட்டில் யாரையோ தேடினார்.

பின்னிருக்கை ஜன்னல் திறந்தது.
பையன் ஒரு விரலை வெளியே நீட்டி
அவரையே காட்டினான்.