சில்லறை

கருப்பூரில் விடிய விடிய
நானும் துளசிராமும்
ஆரஞ்சு நிறப் படிகம் ஒன்றை
நீல லேசரால் தட்டிக்கொண்டிருந்தோம்.
வெள்ளைக்கல் லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்கி
வரைகோடு கெட்டது.

காலையில் ஏற்காடு பஸ்ஸில் ஏறியது தூங்கத்தான்.
நடத்துனர் டிக்கெட்டின் முதுகில்
26 என்று எழுதினார்.
பக்கத்தில் இருந்தவளுக்கும் 26.
பத்தாவது வளைவில் திரும்ப வந்து
ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை
எங்களுக்கு நடுவே நீட்டினார்:
"ரெண்டு ரூபா குறையுது.
ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க."

அதுவரை
அவள் மடியில் காபி நாற்று,
என் மடியில் லேப்டாப்.

தூக்கம் போய்விட்டது.

மூலக்கூறின் மேல் விழும் ஒளி
முழுத் தாள். ஒருமை நிலை.
தனியாக இருந்தால்
மினுக்கிச் செலவழித்துவிடும்.
தோள் உரசும் தூரத்தில்
இன்னொன்று இருந்தால் மட்டும்
நூறு பிகோ நொடிக்குள்
பாதி இங்கே, பாதி அங்கே.
மும்மை நிலை இரண்டு.

டெட்ராசீனில் கணக்கு இடிக்கும்:
பாதிகளைக் கூட்டினால்
முழுதைவிடக் கொஞ்சம் அதிகம்.
குறைவதை யார் போடுவது?
சூடு என்கிறான் துளசிராம்.
பிரிந்து போக வழிகள் அதிகம், அதனால்தான் என்கிறேன் நான்.
நான்கு வருடச் சண்டை.

ஒண்டிக்கடையில் இறங்கினோம்.
தாள் என் கையில்.
நான் நடந்தால் நடந்தாள், நின்றால் நின்றாள்.
மருந்துக்கடையில் சில்லறை இல்லை.
பேக்கரியில் கல்லாவே திறக்கவில்லை.
யாருடைய பணம் எது என்று
இன்னும் ஆகாத நேரம் அது.
தனித்தனியே ஆளுக்கொரு சுழற்சி,
சேர்த்துக் கூட்டினால் பூச்சியம்.

டீக்கடையில் உடைந்தது.
இரண்டு இருபது, ஒரு பத்து.
பத்தை என்ன செய்வது என்று நான் யோசிக்கும்போதே
"ஒரு டீ, ரெண்டு கிளாசுல" என்றாள்.

மூடுபனி கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
அரை கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டோம்.
குறைந்த ரூபாயைச்
சூடு கொடுத்தது.
துளசிராமிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

நர்சரி ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.
பேர் கேட்கவில்லை.
மும்மை நிலைகள் எளிதில் ஒளிர்வதில்லை;
இருட்டாகவே வெகுதூரம் போகும்.
எங்கோ இரண்டு முட்டிக்கொண்டால்
தாமதமாக ஒரு வெளிச்சம்,
அதில் ஒரு துடிப்பு
சேர்ந்து பிறந்ததன் கணக்கை வைத்திருக்கும்.
அதைத்தான் இரவெல்லாம் தேடினோம்.

சட்டைப்பையில் டிக்கெட் இருக்கிறது.
26, அடிக்கப்படாமல்.
அவளுடையதிலும் அப்படியேதான் இருக்கும்.