இடமா வலமா

எழுபதைத் தாண்டினால் ஆரம்பிக்கும்.
தேன்கூட்டைப் பானைக்குள் போட்டு மூடி
பின்சீட்டில் வைத்தது போல.
"கேட்குதா?" என்பேன்.
அம்புரோஸ் முகத்தைத் திருப்பாமல்
"டயர்" என்பான்.

கேட்கவில்லை என்று சொல்ல மாட்டான்.
இழுவைப்படகின் எஞ்சின் அறையில்
இருபத்திரண்டு வருடம்.
கெட்டிலின் விசில், மைக்ரோவேவ் மணி,
என் அக்கா குரலில் மேல்பாதி
எல்லாம் டீசலோடு எரிந்துபோனது.

மூன்று மாதம் போனது.
நியூஃபவுண்ட்லாந்தில் பனிக்காலம் என்பது
சாலைக்கு உப்பு, வண்டிக்கு வைத்தியம்.
நானே வளைவுகளில் கவனித்தேன்:
வலப்பக்கம் ஒடித்தால் கூடுகிறது,
இடப்பக்கம் ஒடித்தால் அடங்குகிறது.
"வலது சக்கரம்" என்றேன், தீர்ப்புப் போல.

"வண்டி வலம் திரும்பினா
பாரம் எந்தத் தோள்ல விழும், மேவிஸ்?"

பதில் சொல்லாமல் காபி கலக்கினேன்.

சனிக்கிழமை கராஜில் மாஸ்டாவின் மூக்கைத் தூக்கி
முட்டுக் கொடுத்து நிறுத்தினான்.
ஒரு கையால் வலது சக்கரத்தைச் சுழற்றினான்,
மறு கை சுருள்வில்லின் மேல்,
காய்ச்சல் பார்ப்பவனைப் போல.
பிறகு இடது.
அங்கே கண்ணை மூடினான்.
என் கையுறையைக் கழற்றச் சொன்னான்.
என் உள்ளங்கையை வில்லில் அழுத்தி
சக்கரத்தை விட்டான்.

மணல்.
இரும்புக்குள் யாரோ நிதானமாக
மணல் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.
மூன்று மாதமாக நான் கேட்டதை
அவன் ஒரு நிமிடத்தில் தொட்டுவிட்டான்.

அச்சின் நட்டு அசையவில்லை.
ஸ்பானரின் வாலில் ஐந்தடிக் குழாயைச் செருகி
அதன் மேல் ஏறி நின்றான்.
நானும் ஏறினேன்.
இருவர் எடையும் சேர்ந்த பிறகுதான்
துப்பாக்கி வெடித்தது போல விட்டுக்கொடுத்தது.
பிரேக்கைக் கோட் மாட்டும் கம்பியில் தொங்கவிட்டான்.
சுத்தியல், எண்ணெய், மறுபடி சுத்தியல்.
உப்புத் தின்ற இரும்பு
தண்ணீர் குடிப்பதாக இல்லை.
கடைசியில் ஹப் வந்தது.
உள்வளையம் மட்டும்
ஹப்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது;
அதை அறுக்க மதியம் ஆனது.

புது பேரிங் முந்தைய ராத்திரியே ஃபிரீசரில்,
மூஸ் இறைச்சிக்கும்
பேக்ஆப்பிள் பழ டப்பாவுக்கும் நடுவில்.
வெளியே எடுத்ததும் வெண்மூச்சு விட்டது.
எந்த முகம் உள்ளே போகணும்?
ஒரு பக்கம் காந்தம், அதுதான் உள்ளே;
மாற்றிப் போட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.
இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே.
என் கொண்டை ஊசியைக் கேட்டான்.
ஒரு முகத்தில் ஊசி வழுக்கியது,
மறு முகத்தில் ஒட்டி நின்றது.
இது கருவியல்ல, அவன் சொத்தல்ல,
என் தலையிலிருந்து போனது என்பதை
இங்கே பதிவு செய்கிறேன்.

சூடாக்கிய கூட்டுக்குள் பாதி தூரம் சும்மா போனது.
மீதிக்கு மரை போட்ட கம்பி,
இரண்டு தகடு, கெட்ட வார்த்தை.
பூட்டுவளையம் இடுக்கியிலிருந்து தெறித்து
கதவுக்கு வெளியே பனியில் விழுந்தது.
முக்கால் மணி நேரம்
முட்டி போட்டுத் தேடினோம்,
தொலைந்த மோதிரம் தேடுகிறவர்களாக.
கண்டுபிடித்தது
ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கி வந்த பஃபின் பறவை காந்தம்.

இருட்டிய பிறகு
கடற்கரைச் சாலையில் எடுத்துப் பார்த்தோம்.
எழுபது.
எண்பது.
கல்லறைத் தோட்டத்து வளைவில்
வேண்டுமென்றே வலப்பக்கம் ஒடித்தான்.

"போயிடுச்சா?"

அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல்முறை.
நகம் ஒன்று கறுத்திருந்தது.
என் முகத்தையே பார்த்தான்,
சாலையை அல்ல.
"போயிடுச்சு" என்றேன்.
தலையாட்டினான்,
தன் காதாலேயே கேட்டவன் போல.

இரைச்சல் போன இடத்தில்
இப்போது பின்னால், வலப்பக்கம்,
நிச்சயமாக வலப்பக்கம்,
கிளிக். கிளிக்.
சின்னதாக ஏதோ.

சொல்லவில்லை.
அடுத்த சனிக்கிழமை வரை
அது என்னிடம் இருக்கட்டும்.