மீதி எளிது

ஜூலை இங்கே குளிர்காலம்.
மொன்டேவிடியோவுக்குக் காற்று ஆற்றிலிருந்து வருகிறது.
எதிர்க்கரை கண்ணுக்குப் படாத ஆறு.
கரை உண்டென்று நான் நம்புவது
நிரூபணம் பார்க்காத தேற்றத்தை நம்புவதுபோலத்தான்.

இரவு பத்திலிருந்து ஆறுவரை மருந்துக்கடை.
கதவை உள்ளே பூட்டிவிட்டு
ஒரு கை மட்டும் நுழையும் சன்னல் வழியே
இருமலுக்கும் காய்ச்சலுக்கும் சில்லறை எண்ணுகிறேன்.
விலைப்பட்டியலின் அடியில் பகுப்பாய்வுப் புத்தகம்.
எழுபத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின்,
"எல்லா" என்ற சொல்லின்மேல்.

வயது முப்பத்தாறு.
கணிதப் பட்டத்தில் இது ஒன்பதாம் வருடம்.
இங்கே கட்டணம் கிடையாது,
போ என்று விரட்டுவாரும் கிடையாது.
இரண்டாம் வருடத்துப் பாடம் ஒன்று மட்டும்
செருப்பில் புகுந்த கல்லாய்க் கூடவே நடக்கிறது.
முதல் தடவை தெரியாமல் தோற்றேன்.
அடுத்த தடவை தெரிந்தும்,
வாய் வராமல்.

யமாண்டு கூடப் படித்தவன்.
ஒரு கோட்டைக்கூட
மாட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பதுபோல் படித்தவன்.
மூன்றாம் வருடம் பய்சாண்டுவுக்கே திரும்பிப் போனான்,
அப்பாவின் லாரிகளுக்கு டயர் மாற்ற.
பேருந்து நிலையத்தில் நோட்டை என் கையில் திணித்தான்.
நான் தேடிய நிரூபணம் அதில் நான்கு வரி. பிறகு,
"மீதி எளிது."

ஆறு வருடமாக
அந்த மீதியோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

வாய்மொழித் தேர்வு காலை எட்டரைக்கு.
தூங்காமல் நேரே போனேன், மேலங்கியில் கற்பூரத் தைல வாடை.
பேராசிரியை இரிபார்னே
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:
"கச்சிதமான கணம் என்றால்?"

எந்தத் திறந்த போர்வைகளால் மூடினாலும்,
முடிவிலி எண்ணிக்கையில் மூடினாலும்,
அவற்றுள் விரல்விட்டு எண்ணும் சிலவே போதும்.

"பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே? முனைகள் இல்லாமல்?"

சாக்குக்கட்டி வியர்த்தது.
நேற்றிரவு நினைவுக்கு வந்தது, எந்த முயற்சியும் இல்லாமல்:
இதுதான் கடைசி என்று சன்னலைச் சாத்துகிறேன்,
சாத்தியதும் ஒரு தட்டல்.
மறுபடி சாத்துகிறேன். மறுபடி.

எழுதினேன்.
அரையிலிருந்து ஒன்றுவரை ஒரு போர்வை,
மூன்றில் ஒன்றிலிருந்து இன்னொன்று,
நான்கில் ஒன்றிலிருந்து, ஐந்தில் ஒன்றிலிருந்து,
இப்படியே.
எல்லாம் சேர்ந்தால் ஒருவரும் குளிரில் இல்லை.
சிலவற்றை மட்டும் பொறுக்கினால்
அவற்றுள் மிக நீளமானதற்கும் பூச்சியத்துக்கும் இடையே
யாரோ நடுங்கிக்கொண்டு நிற்பார்கள்.

"முனையைச் சேர்த்தால்?"

சேர்த்தால் பூச்சியமே வந்து தனக்கொன்று கேட்கும்.
எவ்வளவு சிறியது கொடுத்தாலும்
அது இந்தப் பக்கம் கொஞ்சம் வழியும்.
ஒட்டி நிற்பவர்கள் அத்தனை பேரும் அதற்குள்.

"அழகு," என்றார். "ஆனால் அது உதாரணம்.
நிரூபணம் எங்கே?"

யமாண்டுவின் நான்கு வரியையும் எழுதினேன்.
ஐந்தாவதற்கு வெகுநேரம் நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் பூட்டினார்கள்,
பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார்கள்.
மூடப்பட்ட தூரங்களுக்கெல்லாம் மேல் எல்லை ஒன்று உண்டு,
அந்த எல்லைக்கும் ஒரு போர்வை உண்டு,
அதனால் அது அங்கே நின்றுவிட முடியாது.
ஏழாம் வரியில் குறி தவறியது. அழித்தேன்.
பதினொன்றாம் வரியில் முடிந்தது.

பன்னிரண்டுக்கு மூன்று மதிப்பெண்.
தேர்ச்சி எல்லையும் மூன்றுதான்.
எல்லைப் புள்ளி உள்ளடக்கம்.

படிக்கட்டில் உட்கார்ந்து
யமாண்டுவுக்குச் செய்தி அனுப்பினேன்:
மீதி எளிதில்லை. ஏழு வரி.

சாயங்காலம்தான் பதில் வந்தது,
கிரீஸ் கையோடு தட்டியிருப்பான், பாதி எழுத்துப் பிழை:

எந்த மீதி?