கொண்டுவருபவருக்குச் செல்லும்

த்ஸ்கால்துபோவில் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன் நான்.
உத்தரவாத அட்டையைத் தலைகீழாகப் படிக்கத் தெரியும்:
எதிரில் இருப்பவர் நீட்டும்போதே
தேதி கண்ணில் பட்டுவிடும்.

சித்சினோ நீட்டிய அட்டையில் இருபத்துநான்கு மாதம்.
அன்றைக்கு இருபத்தைந்தாம் மாதத்தின் ஒன்பதாம் நாள்.

ஒரு காலத்தில் அது சுகவாச விடுதி.
ஜெனரல்கள் வெந்நீர் ஊற்றில் ஊறி
மூட்டுவலி தீர்த்துக்கொண்ட இடம்.
தூண்கள் இன்னும் பளிங்குதான்,
துணிக்கொடி கட்ட வாகாக இருக்கின்றன.
நடன மண்டபத்தைப் பலகையால் தடுத்து நான்கு குடும்பங்கள்.
போருக்குத் தப்பி ஆற்றைக் கடந்து வந்தவர்களைத்
தற்காலிகமாக இங்கே வைத்தார்கள்.
அந்தச் சொல்லுக்கு இந்த வருஷம் முப்பது வயது.
அதற்கே இங்கே கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்துவிட்டன.

பெட்டிக்குள் பிளம் சட்னி பொங்கி
மூடியைத் தள்ளியிருந்தது.

பொடி எழுத்தைப் படித்துக் காட்டினேன், அது என் தொழில்:
மின்னழுத்தம் ஏறி இறங்கினால் செல்லாது.
பிறர் திறந்திருந்தால் செல்லாது.
இடம் மாற்றினால் செல்லாது.

இடம் மாற்றினால் என்ற இடத்தில் சிரித்தாள்.
இருமலாகவும் இருக்கலாம்.

மின்னழுத்தத்துக்கு மின் நிறுவனம்தான் பொறுப்பு என்றேன்.
கேட்டாயிற்று என்றாள்.
உள்ளே போகும் கம்பிக்குக் கட்டடம் பொறுப்பாம்,
கட்டடத்துக்கு நகராட்சி, அதற்கு அமைச்சகம்.
அமைச்சகத்தில் இருந்த பெண் நல்லவள், தேநீர் கொடுத்தாள்,
உங்களுக்கு வீடு என்பது சட்டத்திலேயே உறுதி என்று
பிரிவு எண், உட்பிரிவு எண் எல்லாம் எழுதியும் கொடுத்தாள்.
எப்போது என்பதற்கு மட்டும் எண் இல்லை.

நடுவில் தேர்தல்களும் வந்தன.
வருகிறவர் வாக்குக் கொடுத்து வாக்கு வாங்கிப் போகிறார்.
வாங்கியதை இரவோடு இரவாக எண்ணி அறிவிக்கிறார்கள்.
கொடுத்ததை யாரும் எண்ணுவதில்லை.

பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.
அடியிலிருந்து வந்தது ரஷ்ய மொழியில் ஓர் அட்டை:
வியாத்கா சலவை இயந்திரம்,
ஒச்சம்சிரேயில் வாங்கியது.
இருபத்துநான்கு மாதத்தில்
பதினொன்றுதான் ஓடியிருந்தது
நாங்கள் ஓடியபோது, என்றாள்.

"மிச்சம் பதின்மூன்று மாதம் யாருடையது, பத்ரி?
இப்போது அந்த வீட்டில் துவைக்கிறவளுடையதா,
அட்டையை வைத்திருக்கிற என்னுடையதா?"

இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
திருப்பிப் பார்த்தேன். கொண்டுவருபவருக்குச் செல்லும் என்றிருந்தது.
இயந்திரத்தையா, அட்டையையா, அது இல்லை.
கையெழுத்துப் போட்ட நாடே இல்லாமல் போய்விட்டதே என்றேன்.
"முத்திரை இருக்கிறதே" என்றாள்.

வண்டியில் கிடந்த ஓட்டைப் பெட்டியின் ரிலேயைக்
கழற்றிவந்து மாட்டினேன்.
தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.
பணத்தை எண்ணி வைத்தாள், மேலே வைத்த கையை எடுக்கவில்லை.
"எழுதிக் கொடு."
எதை?
"உத்தரவாதம்."

கம்பெனி எழுதும்;
செல்லாது என்று சொல்வதுதான் என் வேலை.
என் கையால் அதை ஒருநாளும் எழுதியதில்லை.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது:
ரிலே. மூன்று மாதம். பத்ரி. போன் நம்பர்.
மின்னழுத்தம் பற்றி ஒரு வரி சேர்க்கப் பேனா நகர்ந்தது.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூடி வைத்துவிட்டேன்.

கூப்பிடுகிறாள்.
மாதம் ஒரு முறை, பெரும்பாலும் ஞாயிறு,
நான் சாப்பிட உட்காரும் நேரம்.
பெட்டிக்கு ஒன்றுமில்லை, ஓடுகிறது,
செல்லுகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான், என்கிறாள்.
மூன்று மாதம் முடிந்து
ஏழு மாதம் ஆகிறது.
எடுக்கிறேன்.