பதினைந்து வாரக் குளிர்

ஸ்ரீநகர் முகாமிலிருந்து
தம்பி ஜெபசிங் அனுப்பிய பட்டியலில்
பூவின் பெயருக்கு நேரே
எத்தனை வாரம் குளிர் வேண்டும் என்றிருந்தது.
டச்சு மாஸ்டர், பதினாறு.
டீட்டாடீட், பதினைந்து.
பேப்பர் ஒயிட்டுக்கு நேரே வெறும் கோடு:
அதற்குக் குளிரே வேண்டாம்,
கூழாங்கல்லும் தண்ணீரும் போதும்.

பாளையங்கோட்டைக்கு அதுதான் சரி என்றேன்,
ஆவணியில்கூட தார் இளகுகிற ஊர்.
"வெள்ளைக்குப் பிச்சி கெடக்குல்லா,
இந்த மஞ்சளுக்கு எங்க போவ?"
என்றார் ஞானசிகாமணி.

வந்தது டீட்டாடீட், ஆறு கிழங்கு.
வெங்காயமென்று நறுக்கிவிடாதிருக்க
பையில் சிவப்பு மையால் பெருக்கல்குறி போட்டேன்.
காய்கறித் தட்டு முழுக்க அதற்கு.
பழம் கூடாது;
பழுக்கிற பழத்தின் மூச்சு பட்டால்
கிழங்குக்குள்ளேயே மொட்டு கருகுமாம்.
ஆக, கோழிக்கூடு வெளியே ஈ மொய்க்கக் கிடக்க
உள்ளே தோசை மாவு, நெத்திலி,
கதவில் அவருடைய இன்சுலின்,
அடித்தட்டு இருட்டில் அது.
பால்கணக்குக்குப் பக்கத்தில்
வாரத்துக்கொரு கோடு.

பதிமூன்றாம் கோட்டின் மறுநாள் பிடித்த மழை
வாய்க்காலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.
நாலு நாள் கரண்ட் இல்லை.
பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை.
மருந்துக் குப்பிகளை வைத்ததும்
மிச்சம் இரண்டு கிழங்குக்கான இடம்.
டார்ச் வெளிச்சத்தில் ஆறையும் அமுக்கிப் பார்த்தார்,
சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல.
கனத்தது ஒன்று,
பச்சையாய் மூக்கு நீட்டியது ஒன்று.
மற்ற நாலும் விடியும்போது
அவர் தலைமாட்டில், சிமெண்டுத் தரையில்,
ஈரத்துண்டு போர்த்திக் கிடந்தன.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கரண்ட் வந்தது.
முளை கண்டதை மறுபடி படுக்கவைக்க முடியாது.

தை பிறந்து நாலாம் நாள்
கண்ணாடித் தம்ளரில் ஒன்று பூத்தது.
தண்டே இல்லை.
குளிர் பத்தாத பூ
கழுத்து வராமல், இலைக்கு நடுவே
கல்லோடு கல்லாக வாயை மட்டும் திறந்திருந்தது.
மஞ்சள்தான். அதில் குறையில்லை.
குனிய விடாது அவருடைய முட்டுவலி;
தம்ளரைத் தூக்கி பிரிட்ஜின் தலைமேல் வைத்தார்.
அது உறுமும்போதெல்லாம் லேசாக நடுங்கியது.

பானையில் இருந்த இன்னொன்று வெறும் இலை.
தரையில் கிடந்தவற்றில் மூன்று அழுகிற்று,
ஒன்றைப் பற்றி இன்னும் சொல்வதற்கில்லை.

ஜெபசிங்கிடம் மறுபடி பட்டியல் கேட்டிருக்கிறார்.
இந்தமுறை பதினாறு வாரக்காரனாம்.
வாழைச்சீப்பு தொங்கவிட
அடுக்களைச் சுவரில்
ஓர் ஆணி அடித்துவிட்டேன்.