திரைக்கயிறு

பட்டுக்கயிறு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.
இல்லை, சணல்.
மேலே மட்டும் பட்டு சுற்றியிருந்தது.
பதினான்கு ஆண்டு பிடித்த என் உள்ளங்கை சொல்லும்.

ஆமித் கோட்டையில், கருங்கல் மதிலுக்குள்,
அரியணை முன் தொங்கும் திரையை
ஏற்றி இறக்குபவன் நான்.
அரியணையில் அமீர் ஹம்தூன்.
மூன்றடி இடப்புறம், தூணோடு தூணாக,
தம்பி முத்தஸிர்.

குத்பாவில் அண்ணன் பெயர்.
திர்ஹம் காசிலும் அண்ணன் பெயர்.
அந்தக் காசில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு
என்பது தம்பிக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமைதோறும் முதல் வரிசையில் நின்று
எல்லாரையும்விட உரக்க ஆமீன் சொல்வார்.

அவர் ஒருமுறை இருமுவார், மெல்ல,
தொண்டையில் மாதுளை முத்து சிக்கியதுபோல்.
நான் கயிற்றை இழுப்பேன்.
அவை குனியும்.
நிமிரும்போது கண்கள் மட்டும்
பாரம் சரிந்த படகுபோல
இடப்பக்கம் சாயும்.

ஒரு கோடையில் அமீர் முலாம்பழம் கேட்டார், பனிக்கட்டியோடு.
கிடங்குக்காரன் கையைப் பிசைந்தான்:
"முத்திரைச் சீட்டு வேண்டுமே, எஜமானே."
அமீர் சிரித்தார்.
அப்படியொரு சிரிப்பை வேறு எந்த முகத்திலும்
நான் பார்த்ததில்லை.
பழம் வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது,
தட்டில் தண்ணீர்.

தம்பியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.
டைக்ரிஸில் வெள்ளம் வந்து படகுப்பாலம் அறுந்த இரவில்
இடுப்பளவு நீரில் நின்று சங்கிலி பிடித்தவர்.
பாலம் மீண்டதும்
கல்லில் வெட்டச் சொன்னது அண்ணன் பெயரை.
பெருந்தன்மையா, பழக்கமா,
எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ரஜப் மாதம் காய்ச்சல் கண்டது.
ஐந்தாம் நாள் ஜனாஸா.
அமீரும் தோள் கொடுத்து நடந்தார்,
குதிரை மேலிருந்தே தெருவைப் பார்த்துப் பழகியவர்.
வழியில் அவர் செருப்பொன்று கழன்றது.
எடுத்துக் கொடுக்க
யாருக்கு உத்தரவு இருந்தது?

மறுநாள் அவை கூடியது.
கயிறு என் கையில்.
காத்திருந்தேன்.
எதற்கென்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.
ஒரு புறா உள்ளே வந்து, சுற்றி, வெளியே போனது.

பிறகு திரைக்குப் பின்னிருந்து
ஓர் இருமல், மெல்ல,
மாதுளை முத்து சிக்கியதுபோல்.

இழுத்துவிட்டேன்.
கை நடுங்கியதில் திரை கோணலாக ஏறியது.
அவை குனிந்தது, நிமிர்ந்தது.
கண்கள் பழகிய பக்கமே போயின:
தூண், அதனடியில்
கால் பட்டுப் பட்டு வழவழத்த ஒரு கல்.

அமீரும்
அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.